லூசியின் வரியை அழிக்காதீர்கள்

திங்கட்கிழமை நீங்கள் இருவரும் இந்த ஆவணக்காப்பகத்தில் வேலை தொடங்குகிறீர்கள். பெட்டிக்கு எப்படி இலக்கமிடுவது, மடிப்பில் உடைந்த தாளை எப்படி விரிப்பது, மேசையில் ஏன் பென்சில் மட்டும் வைத்திருக்கிறோம் என்பதையெல்லாம் மற்றவர்கள் காட்டித்தருவார்கள். இரண்டு கிழமையில் அவை கைக்கு வந்துவிடும். அவர்கள் காட்டித்தராத ஒன்றை நான் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன்.

உங்களை எடுத்ததற்குக் காரணம் உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பது. இக்காஸ்ட் நகரிலும் அதைச் சுற்றியும் உள்ள எங்கள் தமிழ் வீடுகளுக்குப் போய், முதல் வந்த ஆண்டுகளில் ஊருக்கும் இங்குமாகப் பறந்த கடிதங்களைச் சேர்க்கப் போகிறீர்கள். நான் செய்ய ஆசைப்பட்ட வேலை அது. இரண்டாவது பிள்ளைக்காக விடுப்பில் போகிறேன். விடுப்பு முடிவதற்கு முன்னரே என் ஒப்பந்தம் முடிந்துவிடும். முப்பத்துமூன்று வயதில் ஓய்வுபெற்றவளைப் போல அறிவுரை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் வந்து ஒரு மாதத்துக்குள் யாராவது ஒருவர் உங்களிடம், "எல்லாத்தையும் வைச்சிருங்கோ, இந்த ஒரு கடிதத்தை மட்டும் தாங்கோ" என்று கேட்பார். எங்கள் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். என்னிடம் கேட்டவர் ஒரு டேனிஷ்காரர். அப்போது எதில் பிழை விட்டேன், எதில் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் துணிந்தவள் அல்ல. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு முறை திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பவள். மின்னஞ்சலை அனுப்பிய பிறகு அதை நான்கு தரம் வாசிப்பவள். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் கை தூக்காமல் இருந்தவள். ஆகவே, "அவளுக்குத் துணிவு இருந்தது, செய்தாள்" என்று சொல்லி இதை ஒதுக்கிவைக்க உங்களுக்கு வழியில்லை.

நாங்கள் இருக்கும் இந்த யூலன்ட் பகுதியில் ரயில் பாதை போட்ட காலத்தில் இங்கிலாந்திலிருந்து வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு மேற்பார்வையாளர் எட்வர்ட். பாதை முடிந்ததும் மற்றவர்கள் திரும்பிப் போக, அவர் இங்கே ஒரு பெண்ணை மணந்து தங்கிவிட்டார். அவருடைய தங்கை ஹாரியட் கணவனோடும் பிள்ளைகளோடும் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தாள். இங்கிலாந்தின் ஏழைக் குடும்பங்கள் சொந்தமாகக் காணி வேண்டும் என்று கப்பலேறிய காலம். போய்ச் சேர மூன்று மாதம் எடுக்கும்; போனவர்கள் திரும்புவது அரிது. அங்கிருந்து அவள் அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள் ஐந்து தலைமுறையாக இங்கே ஒரே வீட்டில் இருந்தன.

அந்த வீட்டின் கிர்ஸ்டன் என்ற மூதாட்டி தொண்ணூறு வயதில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். அதில் பதினேழு கடிதங்கள். அன்பளிப்புப் பத்திரத்தில் கையெழுத்தும் வைத்தார். அந்தப் பத்திரம் இருந்தால்தான் கடிதம் காப்பகத்துக்குச் சொந்தம். இல்லாவிட்டால் நாங்கள் வெறும் அலுமாரி; கொடுத்தவர் எப்போது வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். இதை நீங்கள் முதல் நாளே படிப்பீர்கள். நானும் முதல் நாளே படித்தேன்.

அடுத்த மாரிக் குளிரில் கிர்ஸ்டன் இறந்துபோனார். தேவாலயத்திலிருந்து வந்த பிறகு வீட்டில் கோப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். அவருடைய மகன் ஹென்றிக், ரயில்வேயில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் தகரத்தைக் கையில் தந்தார். (இதில் வரும் டேனிஷ்காரர்கள் கதைத்தது டேனிஷில்தான். என் கணவருக்கு வீட்டில் சொல்லிக்காட்டிய தமிழில் அதை எழுதுகிறேன்.)

"அம்மாவின்ரை கட்டிலுக்குக் கீழை இருந்தது. இன்னும் அஞ்சு கடிதம். மற்றதுகளோடை இதுகளும் உங்களிட்டை இருக்கட்டும்."

என் கைப்பையில் வெற்றுப் பத்திரம் இருந்தது. பேனையும் இருந்தது. நான் எடுக்கவில்லை. அழுது சிவந்த கண்ணோடு நிற்கும் மனிதரிடம், "இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று தாளை நீட்ட எனக்குக் கை வரவில்லை. செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது "போயிட்டு வாறன்" என்றுகூடச் சொல்லாமல் எழும்பி வரும் ஆட்கள் நாங்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், பிறகு கேட்கலாம் என்று என் மனம் தானாகவே முடிவு செய்துவிட்டது. டேனிஷ்காரருக்கு அந்தியேட்டி கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை.

பிறகு தபாலில் அனுப்பலாம் என்றிருந்தேன். நான் அப்போது கர்ப்பமாக இருந்தேன். அதே மாதத்தில் மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். மகள் பிறந்தாள். திரும்பி வேலைக்கு வந்தபோது தகரம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் "பத்திரம் பின்னர்" என்று எழுதி ஒரு மஞ்சள் தாளை ஒட்டியதாக எனக்கு ஞாபகம். அந்தத் தாள் அங்கே இல்லை. விழுந்துவிட்டதா, நான் ஒட்டவே இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. பத்திரம் என்ற ஒன்றே என் நினைவிலிருந்து கழன்று போயிருந்தது.

தகரத்தில் இருந்த ஐந்தில் ஒன்று குறுக்கெழுத்துக் கடிதம். அந்தக் காலத்தில் தாளையும் தபாலின் எடையையும் மிச்சம்பிடிக்க, பக்கம் நிரம்பியதும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்காக எழுதுவார்கள். பார்த்தால் நுளம்புவலையைப் போல இருக்கும். அந்தக் குடும்பத்தில் ஒருவர் எப்போதோ இந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். நேர்வரிகளை மட்டும் செய்துவிட்டு, குறுக்கு வரிகள் வந்த இடத்தில் "வாசிக்க முடியவில்லை" என்று போட்டிருந்தார். வாசிக்க முடியும். ஒரு திசையில் ஓடும் வரியை மட்டும் பார்க்கக் கண்ணைப் பழக்கவேண்டும். அந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

அது மகளை வுகஸ்டூவில், பெற்றோர் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், முழுநாளும் விடத் தொடங்கிய கிழமை. என் சட்டையைப் பிடித்திருக்கும் அவளுடைய விரல்களை அங்கே வேலை செய்யும் பெண் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவாள். "நீர் போம், நீர் போனால் அஞ்சு நிமிசத்திலை அழுகையை நிப்பாட்டிப் போடுவா" என்பாள். நான் வேலிக்கு வெளியே நின்று ஏழு நிமிடம் கேட்பேன். பிறகு ரயிலுக்கு ஓடுவேன். அப்படி ஓடிவந்துதான் அந்தக் கடிதத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

நேர்வரிகளில் ஆடுகள், மழை, புகைக்கும் புதிய அடுப்பு. குறுக்கு வரிகளில் இது இருந்தது. கடிதம் இப்போது எங்களிடம் இல்லை, பிரதியும் இல்லை. ஒரு நாள் முழுவதும் எழுத்தெழுத்தாகப் பார்த்ததால் மனதில் நிற்கிறது. மனதில் இருப்பதை யாரும் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை.

"உன் வீடு சிறியது என்றும் உன் மனைவி மறுபடியும் பிள்ளைப்பேற்றில் கிடக்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். லூசிக்காக ஒரு தடவை கேட்டேன், இனிக் கேட்கமாட்டேன். என் மகளைத் துறைமுகத்தில் அந்தப் பெண்ணிடம் விட்டுவந்து இது இரண்டாவது மாரி. மருத்துவர் அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கப்பல் எங்களுக்காக நிற்கவில்லை. அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் வருவதில்லை. உனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கடல்தான் இருக்கிறது. எனக்கு எல்லாக் கடலும் இருக்கிறது. இப்போது அவள் தனியாகப் படி இறங்குவாள் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து."

அந்தக் குடும்பத்துக் கதையில் ஹாரியட்டுக்கு இரண்டு மகன்மார் மட்டும்தான். லூசி என்று ஒருத்தி இருந்தாள் என்பது வேறு எந்தத் தாளிலும் இல்லை. மற்ற இருபத்தொரு கடிதத்திலும் தேடினேன். இல்லை.

அன்றே இணையப் பட்டியலில் அந்தக் கடிதத்துக்கு ஒரு விவரணம் எழுதினேன். "தாயால் கைவிடப்பட்ட, ஊனமுற்ற மகள் லூசி பற்றியது. தாய்மாமன் எட்வர்ட் அவளை ஏற்க மறுத்தார்." அதையும் கடிதத்தை நான் வாசித்து எழுதிய முழுப் பிரதியையும் ஹென்றிக்குக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். தொலைபேசியில் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லவில்லை. சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். நூற்றைம்பது ஆண்டாக யாரும் வாசிக்காததை வாசித்துவிட்டேன் அல்லவா.

மறுநாள் காலை அவர் மின்னஞ்சலை அச்சடித்துக்கொண்டு வந்தார். எங்கள் பொறுப்பாளரின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"இதை நீரோ எழுதினது?"

"ஓம்."

"கைவிடப்பட்ட மகள். மறுத்த தாய்மாமன். இது கடிதத்திலை எங்கை இருக்கு?"

நான் பிரதியை எடுத்து, வீடு சிறியது என்ற வரியைக் காட்டினேன்.

"நான் அதைக் கேக்கேல்லை. இந்தச் சொல்லுகள் எங்கை இருக்கு எண்டு கேட்டனான்."

நான் பிரதியைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"ஆவணியிலை எங்கடை குடும்பம் ஒண்டுகூடுது. எழுவது பேர் வருகினம். நியூசிலாந்திலை இருந்தும் நாலு பேர். என்ரை அம்மா பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ரயில் அணைக்கட்டைக் காட்டுறவ, 'இது எங்கடை எட்வர்ட் போட்டது' எண்டு. இனி நான் என்ன காட்டுறது? கால் ஏலாத பிள்ளை ஒண்டுக்கு வீட்டிலை இடமில்லை எண்ட மனுசன் எண்டோ?" அச்சடித்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கடிதத்தை என்னட்டைத் தாரும். கணினியிலை இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுவிடும்."

"அன்பளிப்புப் பத்திரம் இருக்குத்தானே?" என்று பொறுப்பாளர் என்னைப் பார்த்தார்.

என் முகத்தைப் பார்த்ததும் இருவருக்கும் விளங்கிவிட்டது.

ஹென்றிக் போன பிறகு பொறுப்பாளர் கதவைச் சாத்தினார். "செத்தவீடு எண்டு கேக்கேல்லையோ?"

"ஓம்."

"ரெண்டாவது கேக் துண்டுக்கும் மூண்டாவதுக்கும் நடுவிலை நீட்டியிருந்தீர் எண்டால், வாயைத் துடைச்சுப்போட்டுக் கையெழுத்து வைச்சிருப்பார். என்ரை அப்பாவின்ரை செத்தவீட்டிலை நான் நாலு பத்திரத்திலை வைச்சனான்." சிறிது சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கடிதம் அவரின்ரை. நாங்கள் அதை எடுத்த படத்தையும் பிரதியையும் அதோடை குடுக்கவேணும். பட்டியலிலை இருக்கிற வரியைப் பற்றி யோசியும். நிர்வாகக் குழுவிலை அவருக்குச் சிநேகிதர் இருக்கினம். உம்மடை ஒப்பந்தத்தைப் பாக்கிறதும் அவைதான். உம்மை வெருட்டேல்லை, தெரிஞ்சிருக்கட்டும் எண்டு சொல்லுறன்."

வெருட்டாமலே வெருண்டுபோகும் ஆள் நான்.

வீட்டில் மகளுக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டே கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இக்காஸ்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். வேலையிடத்துச் சண்டை எப்படித் தொடங்கி எப்படி முடியும் என்பது அவருக்கு அத்துப்படி.

"இஞ்சேரும், அந்த மனுசன் சட்டப்படிதானே கேக்கிறார். குடுத்துவிடுமன்."

"கடிதத்தைக் குடுக்கத்தான் போறன். வரியை எடுக்கமாட்டன்."

"ஒரு வரிதானே."

"அந்தப் பிள்ளைக்கு இருக்கிறதும் ஒரு வரிதான்."

"நீர் கோவத்திலை நிக்கிறீரோ, அழப்போறீரோ? எனக்கு விளங்கேல்லை."

"எனக்கும்தான்."

தொலைபேசியில் அம்மா இருந்தார். மகள் சாப்பிடுவதைப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு மாலையும் திரையில் வந்துவிடுவார். "எங்களுக்கேன் பிள்ளை வெள்ளைக்காரற்றை குடும்ப வம்பு? செத்து நூறு வருசத்துக்கு மேலை. நீ உன்ரை பிள்ளைக்கு ஒழுங்காத் தீத்து, வாயிலை பாதி, கழுத்திலை பாதி." சற்று நேரம் கழித்து, "அந்தத் தாய்மாமனுக்கும் ஏதோ ஒரு கஷ்டம் இருந்திருக்கும். எல்லாருக்கும் உன்ரை அண்ணனைப் போலை வாய்க்குமோ?" என்றார்.

அந்தச் சொல் சோற்றில் கல்லைப் போலக் கடிபட்டது. தாய்மாமன். என் மகளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துப் பிடித்திருந்தது என் அண்ணை. அவள் அழ, அவரும் அழுதார். நான் எட்வர்டின் பெயரை வாசித்தபோது என் தலைக்குள் இருந்தவர் ஓர் இங்கிலாந்து ரயில் மேற்பார்வையாளர் இல்லை. மருமகளை மடியில் வாங்கக் கடமைப்பட்ட ஒரு யாழ்ப்பாணத்து மாமா. அந்த மாமா செய்யத் தவறியதற்குத்தான் நான் எட்வர்டுக்குத் தண்டனை எழுதியிருந்தேன்.

மறுநாள் முதல் வேலையாகப் பிரதியையும் என் விவரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பென்சிலை எடுத்து, என் ஒவ்வொரு சொல்லும் கடிதத்தில் இருக்கிறதா என்று தேடினேன். "கைவிடப்பட்ட" அங்கே இல்லை. கப்பல் நிற்கவில்லை என்றுதான் ஹாரியட் எழுதியிருந்தாள். "மறுத்தார்" இல்லை. வீடு சிறியது, மனைவி படுக்கையில். எட்வர்ட் எழுதிய கடிதம் எங்களிடம் இல்லவே இல்லை. "ஊனமுற்ற" இல்லை. மருத்துவர் காலைத் தொட்டுத் தலையாட்டினார், அவ்வளவுதான். மூன்றும் என் சொற்கள். ஹென்றிக் முந்தின நாளே கேட்டது இதைத்தான். அவர் கேட்டது சரி.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான கேள்வி வந்தது. அந்த மூன்று சொல்லும் என் பதற்றத்திலிருந்து வந்தவை என்றால், வரியை அழிக்கமாட்டேன் என்ற பிடிவாதமும் அதே பதற்றம்தானா? வேலிக்கு வெளியே ஏழு நிமிடம் நின்ற பெண்தான் இந்தக் காப்பகத்துக்காக முடிவெடுக்கிறாளா? இருக்கலாம் என்று பட்டது. இப்போதும் அப்படிப் படும் நாட்கள் உண்டு. ஆனால் என் சொற்களைக் களைந்த பிறகும் தாளில் மிச்சம் இருந்தது. ஒரு பெயர், ஒரு துறைமுகம், பெயரில்லாத ஒரு பெண், இரண்டு மாரி. அவை ஹாரியட்டுடையவை. கடிதம் ஹென்றிக்குடையது, அதை அவர் கொண்டுபோகலாம். அந்தக் கடிதம் எங்களிடம் இருந்தது, நாங்கள் அதை வாசித்தோம் என்பது எங்களுடைய பதிவு. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல ஒரு காப்பகத்துக்கு உரிமை இல்லை.

வரியை இப்படி மாற்றினேன்: "ஹாரியட், நியூசிலாந்திலிருந்து சகோதரன் எட்வர்டுக்கு. நேர்வரிகளில்: ஆடுகள், மழை, புதிய அடுப்பு. குறுக்கு வரிகளில்: இரண்டு மாரிகளுக்கு முன் துறைமுகத்தில் ஒரு பெண்ணிடம் விட்டுவந்த மகள் லூசி, அவளுக்காகச் சகோதரனிடம் முன்பு கேட்டிருந்தது. மூலக் கடிதம் உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது."

வெள்ளிக்கிழமை ஹென்றிக் வந்தார். கடிதம், படம், பிரதி மூன்றையும் ஓர் உறையில் வைத்து, பற்றுச்சீட்டு இரண்டு பிரதி எடுத்து மேசையில் வைத்திருந்தேன். புதிய வரியையும் அச்சடித்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"முந்தினதிலை இருந்த மூண்டு சொல்லு என்ரை," என்றேன். "கடிதத்திலை இல்லை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்."

"இது முந்தினதைவிடத் திறம்," என்றார். முகம் சற்று இளகியது. "அப்ப மிச்சத்தையும் எடுத்துவிடும்."

"இல்லை."

"சரி, ஒண்டு செய்வம். 'கடிதம் ஒண்டு, திருப்பிக் குடுத்தாச்சு' எண்டு மட்டும் இருக்கட்டும். பேர் வேண்டாம்."

பொறுப்பாளர் தலையாட்டினார். நியாயமான இடைவழி என்று அவருக்குப் பட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். 'ஓம்' என்று சொல்லும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கில் இருக்கிறது. அது நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்ற பயத்தில் ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"உங்கடை குடும்பத்து மரத்திலை ஹாரியட்டுக்கு எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு. ரெண்டும் பொடியள்."

"கப்பலிலை ஏறினது ரெண்டு. பெத்தது மூண்டு. மூண்டாவதின்ரை பேர் இந்த உறைக்குள்ளை இருக்கிற தாளிலை மட்டும்தான் இருக்கு. நீங்கள் கொண்டு போங்கோ, நான் மறிக்கேல்லை. கொண்டு போனாப் பிறகு அந்தப் பேர் எங்கை இருக்கும்?"

"அது எங்கடை குடும்பத்து விசயம்."

"ஓம். அவளும் உங்கடை குடும்பம்தானே."

மேசைக்குக் கீழே என் ஒரு கையை மறு கை பிடித்திருந்தது.

"நீர் அழிக்காட்டி வேறை ஆரும் அழிப்பினம்," என்றார் ஹென்றிக்.

"அழிக்கட்டும். தங்கடை பேரையும் திகதியையும் பதிஞ்சுபோட்டு அழிக்கட்டும். என்ரை பேரிலை அது நடக்காது."

பொறுப்பாளர் எழுந்தார். "நான் கோப்பி போட்டுக்கொண்டு வாறன்," என்று வெளியே போனார். இயந்திரம் இரண்டு நிமிடத்தில் கோப்பி தரும். அவர் வரக் கால் மணி நேரம் ஆனது. அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இருந்திருந்தால் எனக்கு உத்தரவிட வேண்டி வந்திருக்கும்.

ஹென்றிக் பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தார். பிறகு உறையைத் திறந்து கடிதத்தை வெளியே எடுத்தார். அவர் அதுவரை என் பிரதியைத்தான் வாசித்திருந்தார், தாளைப் பார்த்திருக்கவில்லை. மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குள்ளை எப்பிடி வாசிச்சனீர்?"

நான் தாளை அவர் கையிலேயே கால்வட்டம் திருப்பி, குறுக்கு வரி எங்கே தொடங்குகிறது என்று பென்சிலின் மரமுனையால் காட்டினேன். அவர் விரலை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஆங்கிலத்தில் வாசித்தார். துறைமுகம் வந்தது, மருத்துவர் வந்தார். படி இறங்கும் வரி வந்தபோது விரல் நின்றது. அதற்கு மேல் வாசிக்கவில்லை. தாளை உறைக்குள் வைத்து, எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். பொறுப்பாளர் மூன்று கோப்பியோடு வந்தார். இரண்டை நாங்கள் குடித்தோம்.

ஆவணி ஒன்றுகூடல் நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. அவர்கள் அச்சிட்ட சிறு புத்தகத்தின் ஒரு பிரதி காப்பகத்துக்கு வந்தது. அதில் ஹாரியட்டுக்கு இரண்டு பிள்ளைகள்தான். கடிதம் ஒரு மேசை லாச்சியில் கிடக்கிறதா, அடுப்பில் போய்விட்டதா என்று தெரியாது. நிர்வாகக் குழுவிலிருந்து அந்த வரியை "மீளாய்வு" செய்யும்படி ஒரு தடவை எழுதிக் கேட்டார்கள். மீளாய்வு செய்தேன், சரியாக இருக்கிறது என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். அனுப்பிவிட்டு அதை நான்கு தரம் அல்ல, ஒன்பது தரம் வாசித்தேன். ஒப்பந்தம் நீட்டப்படாததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார்கள். இருக்கலாம்.

என் பிழையை நான் மறைக்கவில்லை. அன்றைக்குச் சமையலறையில் பத்திரத்தை நீட்டியிருந்தால் இன்று தாளே இங்கே இருந்திருக்கும். ஆகவே எங்கள் வீடுகளுக்குப் போகும்போது பத்திரத்தை நீட்டுங்கள். செத்தவீடாக இருந்தாலும் நீட்டுங்கள். "பார், வெள்ளைக்காரரைப் போலை தாளோடை வந்து நிக்குது" என்று ஏசுவார்கள். ஏச்சை வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். விவரணம் எழுதியதும் பென்சிலை எடுத்து, எது கடிதத்தின் சொல், எது உங்கள் சொல் என்று பாருங்கள். உங்கள் மாமாவும் உங்கள் சித்தியும் உங்கள் கோபமும் அதற்குள் எங்கேயோ இருப்பார்கள். அவர்களை வெளியே அனுப்புங்கள். அந்தக் கடிதங்களிலும் யாரோ ஒருத்தியை எங்கேயோ விட்டுவந்திருப்பார்கள். விட்டுவந்தவர்கள் உங்கள் முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணீர் தருவார்கள். மரியாதையாகக் குடியுங்கள். கடிதம் அவர்களுடையது என்றால் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுங்கள். அந்த ஒருத்தியின் பெயரைக் கொடுக்காதீர்கள்.

லூசியின் வரியைத் திறந்தால், திரையின் வலப்பக்க மேல்மூலையில் அழிக்கும் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால், உறுதியா என்று ஒரு தடவை கேட்கும். நேற்றுடன் என் கடவுச்சொல் அதில் வேலை செய்யாது. திங்கட்கிழமை காலையிலிருந்து உங்களுடையது வேலை செய்யும்.